பட்டன் என்ன எழுதியது?

கடலூர் சிப்காட்டில் எந்த ஆலைக்குப் போனாலும் பராமரிப்புப் பொறுப்பாளர் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், இந்த எல்போவுல எத்தனை எம்.எம். போகுது?” எல்போ என்பது காற்றுக்குழாயின் (டக்ட்) வளைவு, அவர் கேட்பது அங்கே காற்று இழக்கும் அழுத்தம். எம்.எம். என்றால் மில்லிமீட்டரில் சொல்லும் நீர்த்தம்ப உயரம், ஒரு எம்.எம். 9.81 பாஸ்கல். அவருக்கு வண்ணப்படம் வேண்டாம். இப்போது இருக்கும் பிளோயர் தாங்குமா, புதிது வாங்க வேண்டுமா என்று தெரிந்தால் போதும்.

காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு அந்த ஓர் எண்ணைச் சொல்ல நான்கு மென்பொருள்கள் அணிவகுக்கின்றன. படம் வரைய ஃப்ரீகேட், அதற்குள் சி.எஃப்.டி.ஓ.எஃப். என்ற ஒர்க்பெஞ்ச், அடியில் கணக்குப் போடும் ஓப்பன்ஃபோம், முடிவைப் பார்க்கப் பாராவியூ. நான்கும் திறந்த மூலம், காசு கிடையாது. ஓப்பன்ஃபோம் 2004-ல் திறந்த மூலமாக வந்தபோது கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். இன்றும் அதன் உள்கட்டு அதேதான்: ஒரு கோப்புறை, அதற்குள் ‘0’, ‘கான்ஸ்டன்ட்’, ‘சிஸ்டம்’ என்று மூன்று. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். பட்டனும் பெட்டியுமாகத் திரையில் வரும் முகப்பு, அதாவது ஜி.யு.ஐ., அந்தக் கோப்புகளை நமக்காக எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா, அவ்வளவுதான். குமாஸ்தா எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கத்தில்தான் பாதி வில்லங்கம் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஸ்க்ரப்பருக்கு (வாயுவைக் கழுவும் கருவி) போகும் 300 மி.மீ. சதுர டக்ட், காற்று நொடிக்கு 10 மீட்டர், நடுவில் 90 டிகிரி மைட்டர் எல்போ (கூர்மூலை வளைவு), உள்ளே காற்றைத் திருப்பிவிடும் வேன் தகடு கிடையாது. எல்போவுக்கு முன்னால் 3 மீட்டர், பின்னால் 3 மீட்டர் நேர்க்குழாய். பின்னால் இருக்கும் 3 மீட்டரை இடத்தை மிச்சப்படுத்த வெட்டிவிடக் கூடாது. எல்போ தாண்டியதும் உள்வளைவுப் பக்கம் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும். அந்தச் சுழல் அவுட்லெட் வரை நீண்டால், வெளியேற வேண்டிய வாயில் வழியாகவே காற்று உள்ளே வரும், ரன் தள்ளாடும்.

முதல் தவறு, இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டும் மெஷ்ஷுக்கு முன்பே, படத்தில் நடக்கிறது. ஃபேப்ரிகேட்டர் தரும் ட்ராயிங்கில் இருப்பது தகடு. நமக்கு வேண்டியது தகட்டுக்குள் இருக்கும் காற்று. தகட்டை அப்படியே கொடுத்தாலும் மென்பொருள் மறுக்காது. தகட்டின் உடம்புக்குள் மெஷ் போட்டு, அதற்குள் காற்றை ஓட்டியும் காட்டும். ஆகவே உள்ளளவை வைத்துத் திடமான ஒரு கட்டையாகக் காற்றையே வரைய வேண்டும். ஓப்பன்ஃபோமின் மெஷ் போடும் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் பயன்படுத்தினால் ‘பாயின்ட் இன் மெஷ்’ என்று ஒரு புள்ளி கேட்கும். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் அது வைத்துக்கொள்ளும். புள்ளி டக்டுக்கு வெளியே விழுந்தால் சுற்றியுள்ள வெட்டவெளிக்கு மெஷ் வரும், டக்ட் ஒரு ஓட்டையாக நிற்கும்.

இரண்டாவது தவறு அலகு. ஃப்ரீகேட் மில்லிமீட்டரில் நினைக்கும், ஓப்பன்ஃபோம் மீட்டரில். முப்பரிமாணப் படத்தை ஸ்டெப் கோப்பாகக் கொடுத்தால் அலகு கூடவே வரும், எஸ்.டி.எல். கோப்பில் வராது, அதில் 300 என்பது வெறும் 300. கையால் இறக்குமதி செய்கிறவர்களிடம் 300 மீட்டர் அகல டக்ட் சர்வசாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒரு நயவஞ்சகம் உண்டு. இன்லெட்டில் வேகத்தை 10 என்று கொடுத்திருந்தால், ஆயிரம் மடங்கு பெருத்த டக்டிலும் எல்போவின் அழுத்த இழப்பு ஏறக்குறைய நம்பும்படியாகவே வரும். அழுத்த இழப்பை இயக்க அழுத்தத்தால் வகுத்த எண்ணான இழப்புக் குணகம், டக்டின் அளவைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. எண்ணைப் பார்த்துப் பிடிக்க முடியாது. மெஷ் முடிந்ததும் அதைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டினால் மொத்த எல்லைப் பெட்டியின் அளவை மீட்டரில் அச்சிடும். அங்கே 3.3 இருக்க வேண்டிய இடத்தில் 3300 இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மெஷ் அளவுக்கு ஜி.யு.ஐ. ஒற்றைப் பெட்டி தருகிறது. நம் டக்டில் 20 மி.மீ. கொடுத்தால் சுமார் 71 ஆயிரம் செல். 10 கொடுத்தால் 5.67 லட்சம். 5 கொடுத்தால் 45 லட்சம். பெட்டியில் எண் பாதியாகும்போது அடியில் எட்டு மடங்கு ஏறுகிறது. பத்து லட்சம் செல்லுக்கு ஒரு ஜி.பி. நினைவகம் என்பது தோராயக் கணக்கு. மெஷ் போடும்போது அதைவிடக் கூடுதலாகவே தின்னும். 8 ஜி.பி. லேப்டாப்பில் 5 மி.மீ. கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது மவுஸ்கூட நகராது.

சுவரோரம்தான் உண்மையான வேலை. சுவரோரத்தை நுணுக்கமாகக் கணக்கிடாமல் சூத்திரத்தால் ஈடுகட்டும் வால் ஃபங்ஷன் பயன்படுத்தினால், சுவரை ஒட்டிய முதல் செல்லின் நடுப்புள்ளியில் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தை அலகில்லாமல் சொல்லும் எண்) 30-லிருந்து 300-க்குள் இருக்க வேண்டும். 35 டிகிரியில் காற்றின் கைனமாட்டிக் பாகுநிலை சுமார் 1.65×10⁻⁵ மீ²/வி, ரெய்னால்ட்ஸ் எண் 1.8 லட்சம். உராய்வு வேகம் நொடிக்கு 0.45 மீட்டர் அளவில் வரும். ஒய்-பிளஸ் 50 என்று வைத்தால் நடுப்புள்ளி சுவரிலிருந்து 1.85 மி.மீ., அதாவது முதல் செல்லின் உயரம் 3.7 மி.மீ. இதை எந்தப் பட்டனும் சொல்லாது. காகிதத்தில் மூன்று வரிக் கணக்கு. சுவரோரம் போடும் மெல்லிய செல் அடுக்கு கூடினால் துல்லியம் கூடும் என்று நினைத்துப் பத்து அடுக்குப் போட்டு ஒய்-பிளஸ்ஸை 8-க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் நிறைய. 5-க்கும் 30-க்கும் நடுவே இருக்கும் பகுதி இரண்டும்கெட்டான். சாதாரண வால் ஃபங்ஷனுக்கு அங்கே வேலை இல்லை.

அடுக்கு கேட்டோம் என்பதற்காக அடுக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. மைட்டர் எல்போவின் உள்மூலையில் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் அடுக்கைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். ஜி.யு.ஐ.யில் ‘மெஷ் முடிந்தது’ என்று வரும். லாக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் ஒரு சிறு அட்டவணை இருக்கும்: ஒவ்வொரு பரப்புக்கும் சராசரியாக எத்தனை அடுக்கு கிடைத்தது, கேட்ட தடிமனில் எத்தனை சதவீதம் வந்தது என்று. மூன்று கேட்டு 2.8 கிடைத்தால் விட்டுவிடலாம். 1.1 என்றால் மூலையின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செல்லைச் சிறிதாக்க வேண்டும். செக்மெஷ் சொல்லும் மற்ற இரண்டையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்: செல்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று சொல்லும் நான்-ஆர்த்தோகனாலிட்டி 70 டிகிரியைத் தாண்டக் கூடாது, எவ்வளவு கோணலாக இருக்கின்றன என்று சொல்லும் ஸ்க்யூனெஸ் 4-ஐத் தாண்டக் கூடாது.

எந்த முகத்தில் காற்று நுழையும், எதில் வெளியேறும், எது சுவர் என்று பவுண்டரி கொடுப்பதில் ஜி.யு.ஐ. உண்மையிலேயே உதவுகிறது. முகத்தைத் தொட்டு ‘இன்லெட்’ என்று சொல்வது, கோப்பில் பெயர் அடிப்பதைவிட எத்தனையோ மேல். ஆனால் ஃப்ரீகேட் முகங்களை எண்ணால் நினைவில் வைக்கிறது. எல்போவை 50 மி.மீ. நகர்த்தினால் ஏழாம் முகம் ஒன்பதாம் முகமாகிவிடும். இன்லெட் போய் ஒரு பக்கச் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது, ஒழித்துவிடவில்லை. பெயர் கொடுக்காமல் விட்ட முகம் பொதுவாகச் சுவராகவே எழுதப்படும். இன்லெட்டே சுவராகிவிட்டால் ரன் அழகாக ஓடி, ரெசிடுவல் (கணக்கில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை) சரசரவென்று இறங்கி, படம் முழுக்க ஒரே நீலமாக வந்து நிற்கும். காற்றே இல்லாத டக்டில் இழப்பு சுழியம். கணக்கைப் பொறுத்தவரை அது சரியான விடை.

இன்லெட்டில் டர்புலன்ஸ் (காற்றின் கொந்தளிப்பு) கேட்கும் பெட்டிகளையும் அப்படியே விட முடியாது. 5 சதவீதத் தீவிரம் என்றால் கே (கொந்தளிப்பின் ஆற்றல்) 0.375 மீ²/வி², நீள அளவு 300-ல் 7 சதவீதம், 21 மி.மீ. என்று எடுத்தால் ஒமேகா (அந்த ஆற்றல் கரையும் வீதம்) நொடிக்கு 53. ஜி.யு.ஐ. தானாக நிரப்பிய எண் வேறொரு டக்டுக்கானது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு கோப்புப் பரிமாறுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு முள் உண்டு. அவர்களுடைய கணினியில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமா. ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து 0,375 என்று ஒட்டினால், அது ஒரு எண்ணா இரண்டு எண்ணா என்று கோப்புக்குக் குழப்பம். கோப்புறைப் பெயரும் அப்படித்தான்: நடுவில் இடைவெளி இருந்தால் ஓப்பன்ஃபோம் முரண்டு பிடிக்கும், தமிழ் எழுத்து இருந்தாலும் நம்ப முடியாது. வருத்தம்தான், ஆனாலும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியில்லாமல் பெயர் வைப்பதே நிம்மதி.

‘ரன்’ அழுத்தியதும் வரும் ரெசிடுவல் வரைபடத்துக்கு எல்லோரும் மயங்குகிறார்கள். கோடு 10⁻⁴-க்குக் கீழே போனால் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். எல்போ போன்ற இடத்தில் கோடு பல சமயம் இறங்காது. ஒரு மட்டத்தில் நின்று அலையடிக்கும். அது மென்பொருளின் குற்றமல்ல. அங்கே காற்றே அசைந்துகொண்டிருக்கிறது, நாம் அதை நிலையான ஓட்டம் என்று சொல்லி ஓட்டுகிறோம். ரெசிடுவலோடு இன்னொரு கோடும் வரையச் சொல்ல வேண்டும்: இன்லெட்டுக்கும் அவுட்லெட்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு. அது கடைசி 500 சுற்றில் ஒரே இடத்தைச் சுற்றி ஆடினால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். ஏறிக்கொண்டே போனால் இன்னும் முடியவில்லை. ரன் தொடக்கத்திலேயே வெடித்தால் முதல் 300 சுற்றுக்கு முதல்நிலை அப்விண்ட் என்ற எளிய கணக்கு முறையை வைத்து ஓட்டி, பிறகு அதைவிடத் துல்லியமான லீனியர் அப்விண்டுக்கு மாற்றலாம். மாற்ற மறந்தால்தான் ஆபத்து: அப்விண்ட் சுழலை மெழுகிவிடும், விடையும் கூடவே நகரும்.

இனி அந்த எம்.எம். பாராவியூவில் கோப்பைத் திறந்ததும் ‘அப்ளை’ அழுத்த வேண்டும். அழுத்தாமல் திரை காலி என்று புலம்புவது எல்லோருக்கும் ஒரு முறை நடக்கும். நான்கு கோரில் ஓட்டியிருந்தால் ‘டிகம்போஸ்டு கேஸ்’ என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 0-வது நேரம் மட்டுமே தெரியும். பிறகு ‘பி’ என்ற புலம். அமுங்காத ஓட்டத்துக்கான சால்வரில் ‘பி’ என்பது பாஸ்கல் அல்ல. அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த எண், அலகு மீ²/வி². உள்ளிடும்போது பாஸ்கல் கேட்ட ஜி.யு.ஐ.கூட, முடிவை இந்த அலகிலேயே காட்டலாம். நேர்க்குழாயின் பங்கைக் கழித்தபின் எல்போவுக்கு 60 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 1.15, பெருக்கினால் 69 பாஸ்கல், 7 எம்.எம். பெருக்காமல் சொன்னால் 6.1 எம்.எம். தண்ணீராக இருந்தால் ஆயிரம் மடங்கு பிசகும், யாரும் ஏமாற மாட்டார்கள். காற்றில் பிசகு சிறியது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஸ்க்ரப்பருக்கு 80 டிகிரியில் காற்று போனால் அடர்த்தி 1.0; ஜி.யு.ஐ. நூலகத்தில் ‘ஏர்’ என்று தேர்ந்தெடுத்தால் வரும் 1.2 அங்கே பொருந்தாது.

இந்த 7-ஐ மென்பொருளை நம்பி மட்டும் சொல்ல வேண்டியதில்லை. வேன் இல்லாத மைட்டர் எல்போவுக்கு இழப்புக் குணகம் 1.2 சுமார், இயக்க அழுத்தம் 57.5 பாஸ்கல், பெருக்கினால் 69. கைக்கணக்கும் திரையும் இரண்டு மடங்கு விலகினால் தப்பு பெரும்பாலும் திரையில்தான்.

வெளிக்காற்றுக்கு வந்தால் பிரச்சினை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு, ஷெட் கூரைக்குக் காற்றுச் சுமை பார்க்கும் ஆர்வம் இந்தப் பக்கம் இயல்பாகவே உண்டு. மணிக்கு 140 கி.மீ. என்றால் நொடிக்கு 39 மீட்டர், இயக்க அழுத்தம் 870 பாஸ்கலுக்கு மேல். ஆனால் ஜி.யு.ஐ. தானாகப் போடும் பெட்டி கட்டடத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டட உயரம் எச் என்றால் முன்னால், பக்கங்களில், மேலே 5 எச், பின்னால் 15 எச் விட வேண்டும். கட்டடம் அடைக்கும் பரப்பு குறுக்குவெட்டில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெட்டி சின்னதாக இருந்தால் கூரைமேல் காற்று நெரிந்து வேகம் செயற்கையாக ஏறும். இன்லெட்டில் ஒரே வேகம் கொடுப்பதும் தவறு. தரையருகே குறைந்து மேலே கூடும் மடக்கை (லாகரிதம்) வடிவம் வேண்டும். கடல்பக்கம் இருந்து வரும் காற்றுக்கும் ஊருக்குள் இருந்து வரும் காற்றுக்கும் தரைச் சொரசொரப்பு வேறு.

மின்வெட்டையும் அமைப்புகளில் ஒன்றாகவே எண்ண வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பத்து மணி நேர ரன்னை யூ.பி.எஸ். காப்பாற்றாது. எழுதும் இடைவெளி 100 சுற்று, கடைசி மூன்று நேரங்களை வைத்துக்கொள் என்று ‘பர்ஜ்ரைட்’ 3. ஒன்று மட்டும் வைத்தால், அந்த ஒன்று கெட்டுப்போனால் திரும்பிப் போக வேறு நேரம் இருக்காது. தொடரும்போது ‘லேட்டஸ்ட் டைம்’ என்று இருக்கிறதா என்று கோப்பிலேயே பார்ப்பது நல்லது. சில ஜி.யு.ஐ.களில் ‘ரைட் கேஸ்’ பட்டனை மறுபடி அழுத்தினால் எல்லாம் 0-விலிருந்து புதிதாக எழுதப்படும். ஆகவே கரண்ட் வந்ததும் முதலில் கோப்புறையை ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். பிறகு அரைகுறையாக நிற்கும் கடைசி நேரத்தை அழிக்க வேண்டும். நான்கு கோரில் ஓடியிருந்தால் நான்கு ‘ப்ராசஸர்’ கோப்புறையிலும்.