அன்சானின் வகுப்பறைகளும் இரண்டு ஒப்பந்த ரீச்சர்மாரும்

தென் கொரியாவில் நான் வேலை செய்யும் அன்சான் நகரம் எங்கள் பெடியன்களுக்கு பக்டரிகளாலும் வொன்கொக்-தொங் கடைத்தெருவாலும்தான் தெரியும். கொரியர்களுக்கு அன்சான் என்றால் முதலில் ஞாபகம் வருவது டான்வொன் உயர்நிலைப் பள்ளி.

2014 ஏப்ரல் 16 காலை. இன்ச்சோனிலிருந்து ஜெஜு தீவுக்குப் போன சேவோல் கப்பல் ஜிண்டோவுக்குப் பக்கத்தில் சாய்ந்தது. ஏறியவர்கள் 476 பேர், இறந்தவர்கள் 304. அதில் 250 பேர் சுற்றுலா கிளம்பிய டான்வொன் மாணவர்கள். அன்று முற்பகல் தொலைக்காட்சியில் “மாணவர்கள் அனைவரும் மீட்பு” என்று செய்தி ஓடியது. பள்ளிக்கு ஓடிவந்திருந்த பெற்றோர் அதை நம்பிப் பெருமூச்சு விட்டார்கள். அந்தச் செய்தி பொய். யார் சரிபார்க்காமல் போட்டது என்பதெல்லாம் அப்புறம்தான் பேசப்பட்டது.

அந்தப் பிள்ளைகளின் வகுப்பறைகளைப் பள்ளியிலிருந்து பெயர்த்து, வேறொரு கட்டடத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். மேசைக்கு மேசை படம், பூ, வீட்டுக்காரரும் நண்பர்களும் எழுதிவைத்த கடிதம். நாட்காட்டி 2014 ஏப்ரலைத் தாண்டவில்லை. உயிர் தப்பிய மாணவர்கள் 75 பேர். சில பிரிவுகளில் ஒரேயொருவர். அந்த ஒருவரின் மேசையைத் தேடிக்கொண்டு வரிசைக்குள் நடப்பது சங்கடமான வேலை. ஆசிரியர் அறையும் உண்டு. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

கப்பல் கவிழ்ந்ததற்குக் காரணங்கள் தெரிந்தவை. ஜப்பானில் ஓடிய பழைய கப்பலை 2012இல் வாங்கி, மேலே அறைகள் கூட்டினார்கள். அனுமதித்ததைப் போல் இரண்டு மடங்கு சரக்கு. அடியில் பாரத்துக்கு நிரப்ப வேண்டிய தண்ணீரோ குறைவு. சட்டென்று திரும்பியதும் சரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. “இருந்த இடத்திலேயே இருங்கள், அசையாதீர்கள்” என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. சொல் கேட்கும் பிள்ளைகள் கேட்டார்கள். கப்டனோ முதலில் மீட்கப்பட்டவர்களோடு கரைக்குப் போய்விட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

அந்தக் கப்டனும் ஒப்பந்த ஊழியர்தான். எனக்கு இது தெரிந்தபோது ஒரு மாதிரி இருந்தது, நானும் இங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவன் என்பதால். ஆனால் அன்று அதே கப்பலில் வேறு இரண்டு ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். இளம் ரீச்சர்மார் இருவர். அவர்கள் இருந்தது ஐந்தாம் தளத்தில், வெளியே வர வசதியான இடம். இருவரும் நான்காம் தளத்துக்குப் பிள்ளைகளிடம் இறங்கினார்கள், திரும்பவில்லை.

மொத்தம் 11 ஆசிரியர்கள் இறந்தார்கள். நிரந்தர ஆசிரியர்கள் கடமையில் உயிர் நீத்தவர்களாக ஏற்கப்பட்டார்கள். இந்த இருவருக்கு மட்டும் அரசு மறுத்தது: ஒப்பந்த ஆசிரியர் அரச ஊழியர் இல்லையாம். தண்ணீர் ஏறும்போது வேலை ஒப்பந்தத்தைப் பார்த்தா ஏறியது? குடும்பங்கள் மூன்று வருடம் அலைந்தன. 2017 மே 15, கொரியாவின் ஆசிரியர் தினத்தன்று, புதிதாகப் பதவியேற்றிருந்த ஜனாதிபதி மூன் ஜே-இன் உத்தரவிட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

இதை எங்கள் பக்டரி கன்டீனில் ஒரு கொரிய அண்ணனிடம் சொன்னேன். அவரும் ஒப்பந்தம்தான். “சாவிலும் இரண்டு வரிசை” என்று சொல்லிவிட்டு சூப்பைக் குடித்தார்.

கடமையில் உயிர் நீத்தவர்கள் என்ற பட்டம் இருவருக்கும் கிடைத்தும் விஷயம் முடியவில்லை. நிரந்தர ஆசிரியர்களுக்கு இருந்த ஆயுள் காப்புறுதி ஒப்பந்தக்காரர்களுக்கு எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு தகப்பன் அதைக் கேட்டு வழக்குப் போட்டார். 2019இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.