படுவான்கரைக்கு ஒரு ஸ்ட்ரோபெரி

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பைதன் என்ற நிரல் மொழியில் கிராஃப்கியூஎல் ஏபிஐ (ஆப் சேர்வரிடம் தகவல் கேட்கிற ஒரு வழி) எழுதுவதற்கான திறந்த மூல லைப்ரரி, அதாவது ஆயத்தக் கோட் தொகுப்பு ஒன்றுக்குத்தான் ஸ்ட்ரோபெரி என்று பெயர். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் நெல் வெட்டும் மெஷின்காரர்களுக்கு ஒரு சின்ன ஆப் செய்கிறேன். எந்த வட்டை (வயல்வெளி), எந்தப் போடியார் (வயல் சொந்தக்காரர்), எத்தனை ஏக்கர், எந்த நாள், அவ்வளவுதான் விஷயம். அதன் சேர்வர் இந்த லைப்ரரியில் ஓடுகிறது.

சேர்வர் தீர்மானித்த வடிவத்திலேயே தகவலைத் தருகிற சாதாரண ரெஸ்ட் ஏபிஐ போதாதா? அநேகமான வேலைகளுக்குப் போதும். என் ஆப்பில் சிக்கல் என்னவென்றால், பாவிக்கிற ஆட்கள் இரண்டு விதம். மெஷின் முதலாளி சம்மாந்துறையில் வீட்டு வைஃபையில் இருந்து வரவு செலவு முழுவதையும் பார்ப்பார். மெஷின் ஓட்டுகிற தம்பியோ வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குள், சிக்னல் வருவதும் போவதுமாக நிற்பான். அடுத்த வயல் யாருடையது, எங்கே இருக்கிறது, இது தெரிந்தால் அவனுக்குப் போதும். கிராஃப்கியூஎல்லில் என்னென்ன வேண்டும் என்பதைக் கேட்கிற ஆப்பே எழுதி அனுப்பும். கேட்டது மட்டும் திரும்பி வரும். பேஸ்புக் 2012இல் இதை உள்ளுக்குள் தொடங்கியதே தன் மொபைல் ஆப்புக்காகத்தான். 2015இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ஸ்ட்ரோபெரியில் எனக்குப் பிடித்தது, ஸ்கீமாவுக்கென்று, அதாவது என்னென்ன தகவல் கேட்கலாம் என்ற வரைவுக்கென்று, தனிக் கோப்பு எழுதத் தேவையில்லை என்பது. பைதனில் ஒரு கிளாஸ், அதில் டைப் குறிப்புகள் (எது எண், எது எழுத்து என்று), மேலே ஒரு டெக்கரேட்டர் (@ போட்ட அடையாள வரி). அதுவே ஸ்கீமா.

ஆனால் அந்த டைப் குறிப்பை விளையாட்டாக எடுக்கக்கூடாது. தொலைபேசி எண் ஒரு எழுத்துச்சரம் என்று மட்டும் எழுதினால், அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஸ்ட்ரோபெரி எடுத்துக்கொள்ளும். உன்னிச்சைப் பக்கம் போன் வைத்திருக்காத ஒரு வயதான போடியார் இருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய எண் வெறுமையாக வந்தவுடன் அந்த இடத்தில் பிழை. பிழை அங்கே நிற்காது. அவருடைய பதிவை வெறுமையாக்கும், பதிவும் கட்டாயம் என்றால் பட்டியலை, அதற்கு மேலே உள்ளதை என்று ஏறிக்கொண்டே போகும். ஒருவருக்குப் போன் இல்லாததால் ஊருக்கே திரை வெறுமை! இதில் வேடிக்கை, சேர்வர் வழமைபோல 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்றுதான் பதில் சொல்லும். பிழையைப் பதிலுக்குள்ளே தேட வேண்டும். அதனால் மனிதர்களைப் பற்றிய தகவல் எதுவானாலும், பெயரைத் தவிர மற்றதெல்லாம் இல்லாமலும் போகலாம் என்றே எழுதுகிறேன்.

அடுத்தது சேர்வர் பக்கத்துச் செலவு. போனில் மிச்சம் பிடிக்கிற டேட்டாவுக்கு இங்கே யாராவது உழைக்க வேண்டுமே. நாற்பது முன்பதிவுகளையும் ஒவ்வொன்றின் போடியாரையும் கேட்டால், யோசிக்காமல் எழுதிய ரிசால்வர் (கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்கும் பங்ஷன்) முன்பதிவுகளுக்கு ஒரு தரமும் போடியார்களுக்கு நாற்பது தரமுமாக டேட்டாபேஸைத் தட்டும். ஒவ்வொரு வயலையும் வெட்டி முடித்த பிறகு வீட்டுக்கு வந்து, மறுபடி அடுத்த வயலுக்குப் போகிற மெஷின் மாதிரி. இதற்கு மருந்து டேட்டாலோடர். அது போடியார்களின் அடையாள எண்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே தரத்தில் கேட்கும், நாற்பத்தொன்று இரண்டாகும்.

டேட்டாலோடருக்குக் கொடுக்கும் பங்ஷனுக்கு ஒரு சட்டம் உண்டு: எண்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில், அதே எண்ணிக்கையில் பதில் திரும்ப வேண்டும். டேட்டாபேஸ் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. நாங்களே அடுக்கிக் கொடுக்காவிட்டால் ஒருவருடைய வயலுக்கு இன்னொருவருடைய பெயர் விழும், பிழைச் செய்தி எதுவும் வராமல். அறுவடைக் காலத்தில் மெஷின் பிழையான வயலில் இறங்கினால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, லோடரை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்குங்கள். தான் எடுத்ததை அது நினைவில் வைத்திருக்கும். ஒன்றையே எல்லோருக்கும் பாவித்தால் பழைய தகவல்தான் கிடைக்கும்.

டீசல் பில்லின் படத்தையும் ஏற்ற முடியுமா என்று முதலாளி காக்கா கேட்டிருக்கிறார். அதைக் கிராஃப்கியூஎல்லுக்குள் திணிக்கப் போவதில்லை. ஸ்ட்ரோபெரியை ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைதன் வெப் ஃபிரேம்வேர்க்குக்குள் ஒரு பாதையாக (முகவரியாக) வைத்திருப்பதால், பக்கத்திலேயே படத்துக்கு மட்டும் சாதாரண ரெஸ்ட் பாதை ஒன்று போட்டால் சரி.