மூணு துப்பாக்கி, ஒரே தோட்டா

டெக்சாஸ்ல துப்பாக்கிக் கடையில வேலைன்னு ஊர்ல சொன்னா முதல்ல நம்ப மாட்டாங்க, நம்பினதுக்கு அப்புறம் ஒரு மாதிரி பாப்பாங்க. கடைக்குப் பின்னாடி இன்டோர் ரேஞ்ச் இருக்கு, முன்னாடி ஒரு மூலையில ரீலோடிங் கவுன்ட்டர், அதுதான் நம்ம இடம். பவுடர், ப்ரைமர், புல்லட், தோட்டாக் கூட்ட அமுக்கி அளவுக்குக் கொண்டு வர்ற டை செட், அத மாட்டுற ப்ரெஸ் இதெல்லாம் விக்கணும், வீட்டுலயே தோட்டா கட்டணும்னு வர்றவங்களுக்கு சொல்லியும் தரணும். கோயமுத்தூர்ல பட்டறையில இன்ஸ்பெக்சன்ல இருந்தவன் நான், மைக்ரோமீட்டரும் கோ-நோகோ கேஜும் கையில பிடிச்சே வளந்த ஆளு, அதனால இங்க வந்து இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குன்னு பேசுறது புதுசா ஒண்ணும் தெரியல.

நம்ம பசங்களும் நிறைய பேர் வந்து ஆசையா கேப்பாங்க. அவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது விசாவா க்ரீன் கார்டான்னுதான். ஹெச்1பி மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுங்கிறது ஃபெடரல் சட்டம், ஹன்ட்டிங் லைசன்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு இருக்கு அவ்வளவுதான். க்ரீன் கார்டு இருந்தா அந்தத் தடை இல்ல. இது தெரியாம ஃப்ரெண்டு குடுத்தான்னு ஒரு டப்பா தோட்டாவ காருல போட்டுட்டு சுத்துற ஆளுங்கள பாத்தா எனக்கு வயிறு கலங்கும்.

சரி விஷயத்துக்கு வரேன். ஒரு தோட்டாங்கிறது நாலு சாமான்: பித்தளைக் கூடு, அதுக்கு அடியில அடி பட்டா பொறி விடுற ப்ரைமர், உள்ள பவுடர், மேல பறந்து போற புல்லட். சுட்டதும் பவுடரும் புல்லட்டும் போயிடும், வெடிச்சு முடிஞ்ச ப்ரைமரோட பித்தளை தரையில கெடக்கும், அத எடுத்துக் கழுவி, பழைய ப்ரைமர தள்ளி, பழைய அளவுக்கு இறுக்கி, திரும்ப நிரப்புறதுதான் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்குப் பண்ண ஃபெடரல் லைசன்ஸ் எதுவும் தேவையில்ல. விக்கணும்னா டைப் 06 லைசன்ஸ் எடுக்கணும், 11 சதவீத எக்சைஸ் வரியும் கட்டணும்.

கவுன்ட்டர்ல எனக்கு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். எங்கிட்ட மூணு 9 எம்எம் துப்பாக்கி இருக்கு, ஒரே மாதிரி தோட்டா கட்டி மூணுலயும் போடலாமான்னு. போடலாம்ங்க. ஆனா எந்தத் துப்பாக்கி ரொம்ப அடம் பிடிக்குதோ அதுதான் அந்த தோட்டாவோட அளவ முடிவு பண்ணும், உங்களுக்குப் பிடிச்ச துப்பாக்கி இல்ல. இத சொன்னா நிறைய பேருக்கு முகம் சுருங்கிடும், ஏன்னா ஏற்கனவே ஒரு துப்பாக்கிக்குன்னு ஆசை ஆசையா ஆயிரம் கட்டி வெச்சிட்டுதான் வந்திருப்பாங்க.

கம்பெனி தோட்டா எல்லாத்துலயும் போகுதே, நான் கட்டினா மட்டும் என்னன்னு கேப்பாங்க. அமெரிக்காவுல எஸ்ஏஏஎம்ஐன்னு ஒரு அமைப்பு 1926ல இருந்து இந்த அளவுகள வகுத்து வெச்சிருக்கு, 9 எம்எம் லூகருக்கு (நம்ம 9 எம்எம் தோட்டாவோட முழுப் பேரு) மொத்த நீளம் அதிகபட்சம் 1.169 இன்ச், சுடும்போது உள்ள ஏறுற பிரஷர் அதிகபட்சம் 35,000 பிஎஸ்ஐ, கம்பெனிக்காரன் அதுக்குள்ள நிக்கிற மாதிரி புல்லட் மூக்கையும் சேத்தே டிசைன் பண்ணிருப்பான். நீங்க வாங்குற புல்லட்டோட மூக்கு ஒண்ணு உருண்டையா இருக்கும், ஒண்ணு தட்டையா இருக்கும், ஒண்ணு குழியோட தோள் அகலமா இருக்கும். 1.169ங்கிறது மேல் வரம்புதான், உங்க புல்லட்டு உங்க பேரல்ல அந்த நீளத்துல உக்காரும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

சேம்பருக்கு (தோட்டா போய் உக்காருற இடம்) முன்னாடி ரைஃப்ளிங் (பேரலுக்குள்ள இருக்குற சுருள் வரி) ஆரம்பிக்கிற இடம் ஒவ்வொரு பேரல்லயும் ஒவ்வொரு மாதிரி. சிஇசட் 75 துப்பாக்கிக் குடும்பம் இந்த விஷயத்துல பேர் போனது, ரைஃப்ளிங் சீக்கிரமே ஆரம்பிச்சிடும், தட்டை மூக்கு புல்லட்டா இருந்தா அத கூட்டுக்குள்ள இறக்கி மொத்த நீளத்த 1.10 இன்ச்சுக்கும் கீழ கொண்டு வர வேண்டி வரும். க்ளாக் துப்பாக்கி நேர் எதிர், சேம்பர் தாராளம், என்ன போட்டாலும் முழுங்கும் (ஆனா க்ளாக் கம்பெனி மேனுவல்ல ரீலோட் தோட்டாவே போடாதீங்கன்னுதான் இருக்கு, அதையும் கஸ்டமர்கிட்ட சொல்லிடுவேன், அப்புறம் வாரண்டி வாரண்டின்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது பாருங்க). அதனால க்ளாக்ல ஓடுன தோட்டா சிஇசட்ல பாதி தூரம் போய் சிக்கும், மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடு மூடியும் மூடாம நிக்கும், வெளிய இழுத்தாலும் வராது. சில சமயம் கேஸ் (பித்தளைக் கூடு) மட்டும் வந்து புல்லட் பேரல்லயே ஒட்டிக்கும், பவுடர் எல்லாம் தோட்டா அடுக்குற மேகசினுக்குள்ள கொட்டிரும்.

இதுக்கு டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ப்ரைமரும் பவுடரும் இல்லாம வெறும் கூட்டுல புல்லட்ட வேணும்னே கொஞ்சம் நீளமா உக்கார வெச்சு டம்மி ஒண்ணு பண்ணிக்கணும். துப்பாக்கிய காலி பண்ணி, காலியான்னு திரும்பவும் பாத்து, பேரல மட்டும் கழட்டி, சேம்பர் மேல பாக்குற மாதிரி பிடிச்சு டம்மிய உள்ள விடணும். டொக்குனு விழணும். விரல் நுனியால சுத்துனா தடையில்லாம சுத்தணும், பேரல கவுத்தா அதுவா வெளிய விழணும். மூணுல ஒண்ணு நடக்கலைன்னாலும் ஃபெயில். கறுப்பு மார்க்கர் பேனாவால டம்மி முழுக்கப் பூசிட்டு விட்டா எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிரும்: மூக்குப் பக்கம் கோடு விழுந்தா ரைஃப்ளிங், கேஸ் வாய்கிட்ட தேஞ்சிருந்தா புல்லட் வைக்கிறதுக்காக விரிச்ச வாய சரியா மூடல, அடியில தேஞ்சிருந்தா கூடு உப்பியிருக்கு. ரைஃப்ளிங் இடிச்சா புல்லட்ட கொஞ்சம் கொஞ்சமா இறக்கி விழுற வரைக்கும் பாத்து, அதுக்கும் கீழ இன்ச்சுல ஆயிரத்துல ஒரு 15 பங்கு இறக்கி அந்த நீளத்த எழுதிக்கணும். மூணு பேரல்லயும் இப்படி எழுதினா எது சின்ன நம்பரோ அதுதான் உங்க நீளம். புல்லட் ப்ராண்ட் மாத்துனா திரும்ப முதல்ல இருந்து.

இங்கதான் ஆபத்தான ஒரு குறுக்கு வழி இருக்கு. சிஇசட்டுக்காக புல்லட்ட கீழ இறக்குவாங்க, ஆனா பவுடர் அளவ மட்டும் பழசே வெச்சுக்குவாங்க. 9 எம்எம் கூடு ரொம்பச் சின்னது, புல்லட் கொஞ்சம் உள்ள போனாலே பவுடருக்கு இருக்குற இடம் சுருங்கும், பிரஷர் சட்டுனு ஏறும். நீளம் குறைஞ்சா அதிகபட்ச அளவுகிட்ட இருக்குற லோடு (போடுற பவுடர் அளவு) அப்படியே செல்லாது, மேனுவல்ல இருக்குற ஆரம்ப அளவுக்குப் போய் அங்க இருந்து பத்துப் பத்தா கட்டி ஏறிப் பாக்கணும். எவ்வளவு பவுடர் போடலாம்னு நேரா எங்கிட்ட கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். பவுடர் கம்பெனி போடுற மேனுவல் இருக்கு, அதுல அதே புல்லட் எடையும் வகையும் பாத்துப் போடுங்கன்னு அலமாரியக் கை காட்டிருவேன், எந்த ஃப்ரெண்டு சொன்ன நம்பரும் வேண்டாம்.

இதே காரணத்துக்காகத்தான் கட்டி முடிச்ச தோட்டாவோட மூக்க மேசை விளிம்புல கட்டை விரலால நல்லா அழுத்திப் பாக்கச் சொல்லுவோம். முன்னாடியும் பின்னாடியும் கேலிப்பர்ல அளந்தா நீளம் மாறக் கூடாது. மாறுச்சுன்னா கூடு புல்லட்ட இறுக்கமா பிடிக்கல, மேகசின்ல இருந்து மேல ஏறும்போது இடிச்சு உள்ள போயிடும். க்ரிம்ப (கூட்டு வாய புல்லட்ட சுத்தி அமுக்குறது) நல்லா இறுக்கினா சரியாயிடும்னு நெனைப்பாங்க, இல்லைங்க, 9 எம்எம்ல தோட்டா சேம்பர்ல நிக்கிறதே கேஸ் வாயி முட்டித்தான், வாய்க்கு விரிச்சத நேராக்கிற அளவுக்கு டேப்பர் க்ரிம்ப் போதும், அதுக்கு மேல இறுக்கினா பிடி இன்னும் தளரத்தான் செய்யும்.

மேல் வரம்பு மாதிரி கீழ் வரம்பும் உண்டு. காம்பெடிஷன் துப்பாக்கில மெல்லிசு ஸ்ப்ரிங் போட்டு லேசான லோடுல சுடுவாங்க, அதே தோட்டாவ ஸ்ப்ரிங் கட்டியா இருக்குற, இடுப்புல வெச்சுக்கிற சின்ன கேரி துப்பாக்கில போட்டா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, காலிக் கூடு வாசல்ல நிமிர்ந்து நிக்கும். யூஎஸ்பிஎஸ்ஏங்கிற துப்பாக்கி சுடுற போட்டிக்குப் போறவங்களுக்கு இன்னொரு கணக்கு, புல்லட் எடைய (க்ரெயின்ங்கிற அளவுல) வேகத்தால (நொடிக்கு எத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால வகுத்தா மைனர்ங்கிற பிரிவுக்கு 125 வரணும். 124 க்ரெயின் புல்லட்னா நொடிக்கு 1010 அடி போனா 125.2, நூலிழைதான். நீள பேரல்ல அது வரும், அதே தோட்டா குட்டி பேரல்ல வராது. எந்தத் துப்பாக்கிய போட்டிக்குக் கொண்டு போறீங்களோ அதுலயேதான் வேகம் அளக்குற க்ரோனோக்ராஃப் வெச்சுப் பாக்கணும்.

பித்தளை பொறுக்குறதப் பத்தி தனியா ஒரு புலம்பலே எழுதலாம். ரேஞ்ச்ல ஒரு பக்கெட் அள்ளிட்டு வந்தா அதுல 9 எம்எம் மாதிரியே .380ங்கிற வேற தோட்டாவோட கூடு கெடக்கும், நீளம் 19 மில்லிக்கு பதில் 17தான், வேகமா கை போறப்போ கண்ணுக்குத் தெரியாது, ஆனா புல்லட் அதுல பிடிமானம் இல்லாம உக்காரும். .40ங்கிற பெரிய கூட்டுக்குள்ள 9 எம்எம் கூடு போய் செருகிக்கிட்டு ஒண்ணா வரும். ராணுவ பித்தளைல ப்ரைமர் குழிய ஓரத்துல நசுக்கி வெச்சிருப்பான், அத சீவி எடுக்காம புது ப்ரைமர அழுத்தினா கோணலா நசுங்கும், சில சமயம் வெடிக்கவும் செய்யும், கண்ணாடி போடாம ப்ரெஸ் முன்னாடி உக்காராதீங்கன்னு கத்துறது அதுக்குத்தான். சில கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தா படி மாதிரி ஒரு திட்டு இருக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது, உள்ள இடம் கம்மி, பழகப் பழக அந்தப் படிகிட்ட கூடு ரெண்டா பிஞ்சுக்கும், அத நான் நேரா ஸ்க்ராப் டப்பாவுலதான் போடுறேன்.

பவுடர்ல ரெண்டு பயம், ஒரே கூட்டுல டபுளா விழுறது, விழாமலே போறது. கொஞ்சூண்டு போட்டாலே போதும்னு இருக்குற பவுடர் சிக்கனம்தான், ஆனா டபுள் விழுந்தாலும் கூட்டுக்குள்ள அடங்கிரும், கண்டே பிடிக்க முடியாது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் குடுக்குறது கூட்டுல பாதிக்கு மேல நிரம்புற பவுடர், டபுள் விழுந்தா மேசையில கொட்டும். டில்லன் 550 மாதிரி கூடுகள் நிக்கிற தட்ட கையால திருப்புற ப்ரெஸ்ல ஃபோன் வந்துச்சுன்னு எந்திரிச்சுப் போய்ட்டு வந்தா திருப்பினோமா இல்லையான்னு குழம்பும். குழம்புச்சுன்னா தட்டுல இருக்குற எல்லாத்தையும் எடுத்துக் கொட்டணும், யோசிக்கவே கூடாது. லைட்ட நேரா கூட்டுக்குள்ள படுற மாதிரி வெச்சு, புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா எட்டிப் பாக்குறதுக்கு ஈடா எந்த மெசினும் இல்ல.

பவுடர் விழாத தோட்டா இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன். எங்க ரேஞ்ச்ல ஒரு சனிக்கிழமை கூட்டத்துல நாலாவது லேன்ல டமார்னு வர வேண்டிய எடத்துல டொப்புனு ஒரு சத்தம். ப்ரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட பேரல் நடுவுல கொண்டு போய் விட்டுரும், ஸ்லைடு அசையாது. போட்டிக்குப் பழகுற ஆளுங்களுக்கு துப்பாக்கி நின்னா தட்டு, இழு, சுடுன்னு கை தானா போகும், அந்தப் பழக்கமே இங்க எமன், அடுத்த தோட்டா அடைச்ச பேரல்ல போய் முட்டி பேரல் உப்பும், இல்ல வெடிக்கும். அந்த ஆளு கை ஸ்லைடுக்குப் போயிருச்சு, நான் கத்துன கத்துல ரேஞ்சே நின்னு போச்சு. பேரல கழட்டி பித்தளைக் கம்பி விட்டுத் தட்டுனா புல்லட் வெளிய வந்து விழுந்துச்சு. மிச்சம் இருந்த டப்பா முழுசையும் உடைக்கச் சொன்னோம், மொணமொணன்னு திட்டிக்கிட்டேதான் எடுத்துட்டுப் போனாரு.

வீட்டம்மாக்கள் கேக்குற கேள்வி வேற, வீட்டுல வெச்சா வெடிக்காதான்னு. ஸ்மோக்லெஸ் பவுடர் திறந்தவெளில பொசுபொசுன்னு எரியும், ஆனா அதுக்காக பொரி டப்பாவுல மாத்தி வைக்கக் கூடாது, கம்பெனி டப்பாவுலயேதான் இருக்கணும், மேசை மேல ஒரு நேரத்துல ஒரு பவுடர்தான். தீயணைப்பு விதிப்படி வீட்டுல ப்ரைமர் 10,000 வரைக்கும், தனி மரப்பெட்டி இல்லாம பவுடர் 20 பவுண்டு வரைக்கும்னு வரம்பு இருக்கு. எனக்கு அதவிட பெரிய கவலை ஈயம். ப்ரைமர்ல ஈயம் இருக்கு, பழைய கூடுகள சுத்தம் பண்ற டம்ப்ளர் மெசின்ல போட்டு ஆட்டுனா அந்தத் தூசி முழுக்க ஈயம்தான், அத கிச்சன்ல ஜல்லடைல போட்டு சலிக்கிறாங்க சில பேரு. வெளியில வெச்சு சலிங்க, சோப்பு போட்டு கை கழுவாம ஒரு முறுக்கு கூட வாயில போடாதீங்க, கொழந்தைங்கள அந்த ரூம் பக்கமே விடாதீங்க.

போன மாசம் வந்த ஒரு பெரியவர் கேஸ் சொல்றேன். ரிட்டயர்டு வாத்தியார், கைல க்ளாக் 17, சிஇசட் 75, 9 எம்எம்ல ஒரு 1911 மாடல். மூணுக்கும் டம்மி போட்டுப் பாத்தோம், சிஇசட்தான் குட்டை நீளம் கேட்டுச்சு, அந்த நீளத்துல குறைஞ்ச பவுடர்ல ஆரம்பிச்சு ஏறி வந்தாரு, க்ளாக்கும் சிஇசட்டும் தடையில்லாம ஓடுச்சு. 1911 மட்டும் அந்த குட்டை தோட்டாவ ஏத்திக்கவே மாட்டேங்குது, மூக்கு சேம்பருக்கு ஏறுற சரிவான ரேம்ப்ல போய் முட்டிட்டு நிக்குது, மேகசின் மாத்தியும் பாத்தாச்சு. நீளமா அதுக்குன்னு தனியா கட்டுங்கன்னேன். ரெண்டு டப்பாவையும் மாத்தி எடுத்துருவேன் தம்பி, எனக்கு என்னைத் தெரியும்னாரு. லேபிள் ஒட்டி, தேதி, புல்லட், பவுடர், நீளம், எந்தத் துப்பாக்கின்னு எழுதி, கலர் வேற டப்பா வாங்கினா போதும்னு எவ்வளவோ சொன்னேன், மனுசன் அசையல. க்ளாக்குக்கும் சிஇசட்டுக்கும் சொந்தத் தோட்டா, 1911க்கு மட்டும் கம்பெனி தோட்டா அஞ்சு டப்பா வாங்கிட்டுப் போயிட்டாரு, எங்க மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு.