பற்களை இறக்கிய பிறகு

மார்ச் 3, செவ்வாய்

துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் வேலையை, துணியைக் கையாலேயே நகர்த்தி மெஷினில் செய்து பழக வேண்டும் என்று இன்று தையல் மெஷினின் பற்களை இறக்கிவிட்டேன். ஊசித்தட்டின் இடுக்கில் எட்டிப் பார்க்கும் அந்தச் சின்ன இரும்புப் பற்கள்தான் இத்தனை ஆண்டுகளாக என் துணியை ஒவ்வொரு தையலுக்கும் ஒரே அளவு நகர்த்திக்கொண்டிருந்தன. துணி கோணாமல் பிடித்துக்கொண்டது மட்டுமே என் வேலை. இனி துணி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் என் கையின் பொறுப்பு. தையல் நீளத் திருகைச் சுழியத்தில் வைத்தேன். துணியை அழுத்திப் பிடிக்காமல் ஊசியோடு சேர்ந்து எழுந்து இறங்கும் பாதத்தை மாட்டினேன்.

பழகுவதற்கென்று 12 துண்டுகள் தயார். ஒவ்வொன்றும் 35 செ.மீ. சதுரம்: மேலே வெள்ளைப் பருத்தி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு பருத்தி. மூன்றும் நழுவாதபடி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. மேல் நூல் சிவப்பு, அடி நூல் சுற்றிய பாபினில் நீலம். எந்த நூல் எந்தப் பக்கம் தலைகாட்டுகிறது என்று உடனே தெரிய வேண்டும்.

மார்ச் 4, புதன்

முதல் பத்துத் தையலுக்குள் துணியின் அடியில் சிவப்பு நூல் குருவிக்கூடாகச் சேர்ந்துவிட்டது. மெஷின் முனகியது. கத்தரித்து எடுக்கவே கால் மணி நேரம்.

காரணம் இரண்டு. பாதம் துணிக்குமேல் மிதப்பதுபோல் இருந்ததால், பாதத்தை ஏற்றி இறக்கும் நெம்பைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். நெம்பு இறங்கினால்தான் இழுவிசைத் தட்டுகள் நூலைக் கவ்விப் பிடிக்கும். இன்னொன்று, அதற்கு முன் நூல் கோத்தபோது நெம்பு கீழே இருந்தது. அப்போது தட்டுகள் மூடிக்கிடப்பதால் நூல் அவற்றுக்கு இடையில் போய் அமராமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆக, கோக்கும்போது மேலே, தைக்கும்போது கீழே. சிறு தாளில் எழுதி மெஷினின் நெற்றியில் ஒட்டிவிட்டேன்.

தொடங்கும் இடத்தில் ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றி, பாபின் நூலை மேலே இழுத்துக்கொள்ளவும் பழகினேன். இரண்டு நூல் முனைகளையும் விரலில் பிடித்தபடி மிகச் சிறிய தையல்கள் நாலைந்து போட்டால் முடிச்சே தேவையில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதும்போது தாள் கிடக்கிறது, பேனா நடக்கிறது. இங்கே பேனா நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கிறது, தாள்தான் நடக்க வேண்டும். கோடு வலப்பக்கம் போக வேண்டுமானால் துணியை இடப்பக்கம் தள்ள வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அரிச்சுவடி நாளிலிருந்து பழகிய கை சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை.

அதனால் எழுத்துகளையே எழுதிப் பார்த்தேன். 'ட' வந்துவிட்டது. 'ப' வந்தது, மூலைகள் மட்டும் மழுங்கின. 'உ' அழகாக வந்தது, அதன் வாலிலிருந்து அடுத்த 'உ'வைத் தொடங்கினால் அலைபோல ஒரு வரிசை கிடைக்கிறது. 'ல'வைத் தொடர்ந்து எழுதினால் கண்ணி கண்ணியாக ஒரு சங்கிலி. 'ழ'வுக்கு ஆறு முறை முயன்றேன். 'ஃ' மட்டும் முடியாது, ஒவ்வொரு புள்ளிக்கும் நூலை வெட்ட வேண்டும். நம் எழுத்து வளைவுகளால் ஆனது என்பதை இன்று விரல்களால் உணர்ந்தேன். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

தையல்கள் ஓரிடத்தில் மணலாக நெருங்குகின்றன, ஓரிடத்தில் தாவுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் போட்டால் நொடிக்கு 10. கை நொடிக்கு 25 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு தையலும் 2.5 மி.மீ. அதே வேகத்தில் ஊசி ஓடும்போது கை இரண்டு மடங்கு விரைந்தால் 5 மி.மீ. பாய்ச்சல். இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை, ஒன்றை மட்டும் திருத்த முடியாது.

மெதுவாக மிதித்தால் பாதுகாப்பு என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது நேர்மாறு. ஊசி சோம்பினால் அதற்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கை முந்திக்கொள்கிறது. மிதியை நடுத்தர வேகத்தில் வைத்து, அந்த ஒலி ஏறாமல் இறங்காமல் இருக்கிறதா என்று காதால் கவனித்தேன். கண் எண்ணுவதைவிடக் காது நன்றாக எண்ணுகிறது.

மார்ச் 12, வியாழன்

ஊசி உடைந்தது. துணியின் ஒரு பக்கம் மேசையிலிருந்து தொங்கி, அதன் பாரம் இழுத்திருக்கிறது. வளைந்த ஊசி தட்டில் மோதிவிட்டது. மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்துக்குப் பலகை வைத்தேன். புது ஊசி, 90/14 அளவு.

மார்ச் 15, ஞாயிறு

மேல்பக்கம் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். திருப்பினால், ஒவ்வொரு வளைவிலும் சிவப்பு நூல் கண்ணிமை மயிர்போலச் சிலும்பி நிற்கிறது. நேர்க்கோடுகளில் ஒன்றும் இல்லை, வளைவுகளில் மட்டும்.

வளைவு வரும்போது கை தன்னையறியாமல் வேகமெடுக்கிறது, திருப்பத்தைச் சீக்கிரம் கடந்துவிடும் ஆசை. ஊசி துணிக்குள் இருக்கும்போதே துணியை இழுத்துவிடுவதால் மேல் நூல் அடியில் தளர்ந்து கிடக்கிறது. மேல் இழுவிசையைக் கொஞ்சம் கூட்டினேன், பாதிதான் தீர்ந்தது. மீதிக்குக் கைதான் மருந்து. ரப்பர் விரல்நுனி வைத்த கையுறை போட்டுக்கொண்டதும் அழுத்திப் பிடிக்க வேண்டிய தேவை குறைந்தது, தோள் இறங்கியது, வளைவும் சீரானது. கை நழுவுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்ததுதான் அத்தனைக்கும் மூலம் என்று தோன்றுகிறது.

மார்ச் 19, வியாழன்

அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அவள் முழுக்கக் கையாலேயே குவில்ட் தைப்பவள், ஒரு போர்வைக்கு ஓராண்டு எடுத்துக்கொள்வாள். "மெஷின் தைத்தால் அது எப்படிக் கைவேலை ஆகும்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இந்தக் கேள்வி பழையது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பதூகா நகரில் நடக்கும் குவில்ட் கண்காட்சியில் 1989இல் காரில் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட் முதல் பரிசு பெற்றது. மெஷினில் குவில்டிங் செய்த ஒன்று அங்கே அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை. அதை அக்காவிடம் சொன்னேன். "பரிசு கிடக்கட்டும். உன் துணியைக் காட்டு, பார்க்கிறேன்" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று மேயும் கோடு. ஒரே கோடு தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் வளைந்து வளைந்து முழுச் சதுரத்தையும் நிரப்ப வேண்டும். இரண்டு முறை மூலைக்குள் போய்ச் சிக்கி, வெளியேற வழியில்லாமல் நின்றேன். பிறகு தாளில் பென்சிலை எடுக்காமல் நான்கு பக்கம் வரைந்தேன். ஊசியைப் பார்க்காமல் அது போகப்போகும் இடத்தைப் பார்த்தபோது கோடு தானாகவே வழி கண்டது. நிற்க வேண்டியிருந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்தே நிற்கிறேன். கையை மாற்றிவைத்துத் தொடர்ந்தால் கோணல் விழுவதில்லை.

பாபின் கேஸைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுத்தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. தூரிகையால் துடைத்தேன். மெஷினின் குரலே மாறிவிட்டது.

மார்ச் 28, சனி

அக்கா வந்தாள். பதினோராவது துண்டைக் கொடுத்தேன். மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, வாங்கியவுடன் திருப்பினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சுட்டுவிரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, அது போன வழியெல்லாம் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கே அவசரப்பட்டிருக்கிறாய்."

குனிந்து பார்த்தேன். வளைவு முடியும் இடத்தில், மூன்றே மூன்று சிவப்பு இழைகள். என் கண்ணுக்குத் தப்பியவை. பிறகு விரல் மறுபடி நகர்ந்தது, கடைசிவரை நிற்கவில்லை. பன்னிரண்டாவது துண்டை எடுத்து, நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் கையுறை எங்கே?" என்றாள்.