கயிறு திரிக்கிற ஊர்க்காரி

இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போன முதல் குளிர்காலத்தில் வாடகை வீட்டு வாசல்கதவு சாத்த வரவில்லை. ஏஜென்ட் வந்தார், தட்டிப் பார்த்தார், "வார்ப் ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி அகராதியைப் புரட்டினால், வார்ப் என்பதற்குப் பாவு என்று போட்டிருந்தது. பத்தமடைக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பாவு தெரியாதா? பாய்த் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். அதற்குள் கோரையை ஒவ்வொன்றாக நுழைத்து நெருக்கி அடிப்பார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"கதவுக்கும் பாவுக்கும் என்னட்டி சம்பந்தம்? ரெண்டு நாள் வெயில்ல காயப் போடச் சொல்லு."

லீட்ஸில், டிசம்பரில், வெயில்!

அகராதியில் இன்னும் நாலு வரி கீழே போயிருந்தால் மரம் ஈரத்தில் முறுகி வளைவதற்கும் அதே சொல்தான் என்று தெரிந்திருக்கும். மனசு வளைந்து கெட்டுப்போனவனையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஊர் இங்கிலீஷில் கோணல் சம்பந்தமான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் சுவரில் படம் சாய்ந்திருந்தால் ஒரு தாத்தா "வோங்கி" என்பார், இன்னொரு பாட்டி "ஸ்க்யூ-விஃப்" என்பார். எங்கள் ஆச்சி இருந்தால் "கோணக்கமாணக்க" என்றிருப்பாள். லஞ்சம் வாங்குகிற போலீஸ்காரன் அங்கே "பென்ட்", அதாவது வளைந்தவன். இதெல்லாம் எந்தப் பரீட்சைக்கும் படித்து வருவதில்லை. நான் ஐ.இ.எல்.டி.எஸ். பாஸ் பண்ணிவிட்டுத்தான் போனேன். முதல் வாரத்தில் ஒரு தாத்தா, "அவன் போர்க்கீஸ் சொல்றான்" என்று பக்கத்து அறைக்காரரைக் காட்டியபோது, பன்றி இறைச்சி வேண்டுமாக்கும் என்று அடுக்களைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். போர்க்கீஸ் என்பது போர்க் பை, அதாவது பொய். லை என்பதோடு எதுகை போட்ட லண்டன் பாஷை. அவர்கள் சிரித்து முடிக்க ஒரு மாதம் ஆனது.

சிரிப்பு அடங்கியபின் வந்தது வினை. ஒரு நைட் டூட்டியில் ஒரு பாட்டிக்குக் கட்டில் கம்பியில் மாட்டி மணிக்கட்டு திருகிக்கொண்டது. காலையில் டூட்டி மாற்றும்போது, "வீக்கம் இருக்கு, டாக்டரைக் கூப்பிடணும்" என்று சீனியரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் எழுதிவைத்தது, நான் "ஒண்ணுமில்லை, பார்த்துக்கலாம்" என்று சொன்னதாக. மேனேஜர் என்னிடம் விளக்கம் எழுதிக் கேட்டார். நான், சீனியர் என் பேச்சை "டிஸ்டார்ட்" பண்ணிவிட்டார் என்று எழுதிக்கொடுத்தேன்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பெரிய வார்த்தை. வேண்டுமென்றே செய்தார் என்கிறாயா?"

நம் ஊரில் "அவ நான் சொன்னத மாத்திச் சொல்லிட்டா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். காதில் சரியாக விழாமல் சொன்னாலும் அதுதான், குடும்பத்தைக் கெடுக்கச் சொன்னாலும் அதுதான். கேட்கிறவர்கள் சொல்கிறவள் முகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்வார்கள். அங்கே அது நடக்காது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருக்கிறது. தவறாகக் கேட்டால் ஒன்று, தவறாகப் புரிந்தால் ஒன்று, ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொன்னால் "ஸ்லான்ட்", தனக்கு வாகாகச் சுழற்றிவிட்டால் "ஸ்பின்", முறுக்கினால் "ட்விஸ்ட்", உருவையே கெடுத்தால் "டிஸ்டார்ட்". எந்தப் படியில் நிற்கிறாய் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் குற்றம் சாட்ட வேண்டும். இரண்டு வாரம், மூன்று மீட்டிங். கடைசியில் "தவறாகப் புரிந்துகொண்டார்" என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு ஒரு பிசகும் இல்லாமல் புரிந்திருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வெப்புராளத்தில்தான் இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். லத்தீனில் "டார்க்வேரே" என்றால் முறுக்குவது. அதற்குப் பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள்: டிஸ்டார்ட், உடம்பை முறுக்கிக் கொள்ளும் கன்டார்ட், முறுக்கிப் பிடுங்குகிற எக்ஸ்டார்ட், வந்த பேச்சை முறுக்கித் திருப்பி அடிக்கிற ரிடார்ட், போல்ட் திருகுகிறவர்கள் சொல்லும் டார்க், பிறகு சாட்சாத் டார்ச்சர். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இடம் தருகிற தப்புக்கு "டார்ட்" என்று பெயர், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். லத்தீன் வழி வராத சொற்களிலும் இதே கதை. துணி பிழிகிற ரிங், ஸ்பானர் வகையான ரெஞ்ச், மணிக்கட்டைக் குறிக்கும் ரிஸ்ட் எல்லாமே எழுதும்போது ஊமை டபிள்யூவில் தொடங்கும், எல்லாமே திருகல். தப்பு என்கிற "ராங்" கூட முதலில் கோணல்தான். பாட்டியின் மணிக்கட்டும் என் தப்பும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கார்பிள். பேச்சைக் குளறுபடியாக்குவதற்குச் சொல்கிறார்கள். அதன் வேர் அரபியில் சல்லடை. மிளகு, ஏலம் மாதிரிச் சரக்கைச் சலித்துக் குப்பை எடுப்பதுதான் பழைய காலத்தில் கார்பிள். லண்டனில் அதற்கென்றே ஓர் அதிகாரி இருந்திருக்கிறார். சலிப்பது நல்ல வேலைதானே? பிறகு ஒருவன் பேசியதில் தனக்கு வேண்டியதை மட்டும் சலித்து எடுத்துக்காட்டினால் அதுவும் கார்பிள் ஆயிற்று, அங்கிருந்து குளறுபடியும் ஆயிற்று. சுளகில் புடைக்கும்போது அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை வைத்துக்கொண்ட கதை.

பெரிய இடத்துக்காரர்கள் பொய் என்ற சொல்லையே தொடமாட்டார்கள். பார்லிமென்டில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். 1906-இல் சர்ச்சில் அதற்கு "சொல்வழிப் பிசகு" என்கிற மாதிரி நீளமாக ஒரு தொடரைக் கண்டுபிடித்தார். 1986-இல் ஆஸ்திரேலியக் கோர்ட்டில் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற பிரிட்டிஷ் உயர் அதிகாரி, உண்மையைச் சொல்வதில் சிக்கனம் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். சிக்கனமாம்! எங்கள் தெருவில் சொல்லியிருந்தால் அவருக்கு அதுவே பட்டப்பெயராகி இருக்கும்.

இந்த வருஷ லீவில் ஊருக்கு வந்தபோது பட்டாசலில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தாத்தா கயிறு திரித்தவர். அப்பாவுக்கும் கை பழகியிருக்கிறது. கேட்டுவிட்டு, "நம்மூர்லயும் கயிறு திரிக்கான்னுதான சொல்லுதோம்" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டிஸ்டார்ட் என்றால் ஏற்கெனவே நேராக ஒன்று இருந்தது, அதை ஒருவன் கெடுத்துவிட்டான். கயிறு திரிப்பவன் எதையும் கெடுக்கவில்லை. வெறும் நாரை வைத்துக்கொண்டு ஒரு கிணற்றாழத்துக்கு நீட்டிவிடுகிறான். கேட்கிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு மெச்சுதல்கூட உண்டு.

அப்பா கொஞ்சம் தேங்காய் நாரை எடுத்துத் தொடையில் வைத்து உருட்டிக் காட்டினார். "ஒத்தப் புரியா விட்டா பிரிஞ்சிரும். ரெண்டு புரியையும் ஒரே பக்கமா முறுக்கணும், சேக்கும்போது எதிர்ப்பக்கமா முறுக்கணும். ஒண்ணு பிரியப் பாக்கும், இன்னொண்ணு விடாது." எங்கள் ஊர்ப் பொய்களும் அப்படித்தான் நிற்கும், இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் பிரிக்க முடியாது.

நமக்கும் முறுக்கலில் கொடூரம் இல்லாமல் இல்லை. கொடு என்றால் வளைவு. கொடுங்கோலும் கொடுமையும் அங்கிருந்து வந்தவை. ஆனால் திரி என்ற சொல் மட்டும் எங்கெல்லாம் அலைகிறது! பள்ளிக்கூடத்தில் பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமானால் அது திரிதல், மார்க் உண்டு. அடுக்களையில் பால் திரிஞ்சிட்டு என்றால் அம்மா தலையில் கை வைப்பாள். பஞ்சை முறுக்கி எண்ணெயில் போட்டால் விளக்குத் திரி. இதில் ஓர் ஆச்சரியம்: டார்ச் என்கிற சொல்லும் பெரும்பாலும் அந்த லத்தீன் முறுக்கலிலிருந்துதான் வந்தது என்கிறார்கள். முறுக்கி மெழுகில் நனைத்த பந்தம். அவர்களும் முறுக்கித்தான் வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்.

இதை நான் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பாய் விற்கிற அக்கா வந்து உட்கார்ந்தாள். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள். "இவதான் எம் மவ. லண்டன்ல பெரிய ஆஸ்பத்திரில இருக்கா. இவ கையெழுத்துப் போடாம அங்க ஒரு மாத்திரை குடுக்க மாட்டாவ."

லீட்ஸிலிருந்து லண்டன் சுமார் 300 கிலோமீட்டர். ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம். கையெழுத்து விஷயம் மட்டும், என் டூட்டி நேரத்துக்கு, உண்மை. ஸ்லான்ட்டா, ஸ்பின்னா, எந்தப் படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ராஜா வீட்டுக்குப் பக்கத்துலயாம்லா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி" என்றேன்.