அவள் மட்டும் ஏன் கதவைத் திறந்தாள்?

“அது கதைதானேம்மா” என்றுதான் சொன்னேன். அவளும் “சரிங்க டீச்சர்” என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். இதில் என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்கிறார். பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டது, டீச்சர் ஒரு பதில் சொன்னார், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, இதற்குப் போய் இவ்வளவு மனசை அலட்டிக்கொள்வார்களா என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வரி வந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடுகிறது.

அந்த வாரம் ப்ளஸ் டூவுக்குத் திணை, துறை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குறிஞ்சியையும் பாலையையும் புரியவைக்கத்தான் பாடுபட வேண்டும், மருதம் என்றால் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினால் போதும். ஐங்குறுநூற்றில் முதல் நூறு பாட்டும் மருதம், ஓரம்போகியார் பாடியது, அதில் எருமைக்கு என்று பத்துப் பாட்டு, வயல் நண்டுக்கு என்று பத்துப் பாட்டு இருக்கிறது என்று சொன்னால், வரப்பில் நண்டு வளையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் தாங்களாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் உரிப்பொருளுக்கு வர வேண்டும். ஊடல். பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற தலைவன் நேரே வரத் துணிவில்லாமல் பாணனைத் தூது விடுகிறான், தோழி அவனை வாசலிலேயே நிறுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறாள். வாயில் மறுத்தல். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பரீட்சைக்கு வருமா வராதா என்று பார்க்காமல் நடத்துவேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் ‘உள்ளே வராதே’ என்று ஒரு பெண்ணின் சார்பில் சொல்லியிருக்கிறார்கள், அதைப் பாட்டாக்கிக் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது கடைசி பெஞ்சுகூடப் பேச்சை நிறுத்திவிடும்.

மறுநாள்தான் அவள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாத நாவல். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. நான் எழுதியது. அட்டையில் இருப்பது என் புனைபெயர், பள்ளிக்கூடத்தில் அது ஒரே ஒரு டீச்சருக்குத்தான் தெரியும்.

“இதுல அவன் சந்தேகப்பட்டு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறான் டீச்சர். எட்டு மாசம் ஒரு போன் கிடையாது. கடைசியில மழையில நனைஞ்சுகிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். மன்னிப்புகூடக் கேக்கல. அவ உடனே திறந்துடுறா. நீங்க நடத்துன பாட்டுல அவங்க திறக்கலையே, இவ மட்டும் ஏன் கதவைத் திறந்தா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள். “எங்கம்மாவுக்கு இந்தக் கடைசி அத்தியாயம்தான் ரொம்பப் பிடிக்கும் டீச்சர். நடவுக்குப் போயிட்டு வந்து இடுப்பு வலியோட படுத்துகிட்டு அதையேதான் திரும்பத் திரும்பப் படிப்பாங்க. அதான் கேட்டேன்.”

அது கதைதானேம்மா.

எழுதியது நான்தான் என்று தெரிந்து கேட்டாளா என்பதை முதலில் யோசித்தேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டாள், எங்கள் பிள்ளைகள் டீச்சரை அப்படி மடக்குகிறவர்கள் இல்லை. நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நிமிஷமே கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பாள். “சூப்பரா இருக்கு டீச்சர்” என்றிருப்பாள். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும், ஆனால் எனக்குப் பதறுவது அதற்காக இல்லை. இத்தனை வருஷம் எழுதியதில் இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. வாசகர்கள் ‘அருமை, கண்ணில் தண்ணீர் வந்தது’ என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் நாயகி பாவம் என்று எழுதுவார்கள். ஏன் திறந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் யார் என்று தெரியாததால்தான் எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது. அப்படிப் பார்த்தால் நான் பேசாமல் இருந்தது சரி. ஆனால் பேசாமல் இருப்பது வேறு, ‘கதைதானே’ என்று சொல்வது வேறு.

பாட்டைப் பாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதற்குள் ஒரு ஆள் இருக்கிறாள் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள் நான். என் சொந்த நாயகிக்கு வந்தபோது கதைதானே என்றேன்.

அந்தப் பெண்ணின் அப்பா திருப்பூரில் இருக்கிறார், வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார் என்று வகுப்பாசிரியை முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் அவள் கேட்டது என் நாவலைப் பற்றியா, அம்மாவைப் பற்றியா என்று எனக்கு அப்போதே ஒரு தயக்கம். அம்மாவைப் பற்றி என்றால், பிள்ளை தானாகச் சொல்லாத வீட்டு விஷயத்துக்குள் டீச்சர் கால் வைக்கக் கூடாது. கதைதானே என்று சொல்லிவிட்டால் பிள்ளையும் சங்கடமில்லாமல் போய்விடலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்துப் பேசினேனா என்றால், அட்டையைப் பார்த்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது, முதலில் வந்ததைச் சொன்னேன் என்பதும் அதே அளவு உண்மை.

சரி, வேறு என்னதான் சொல்லியிருக்கலாம்? தமிழாசிரியைக்கு ஒரு நல்ல பதில் கைவசம் உண்டு. வாயில் மறுத்தல் ஒரு துறை என்றால், உள்ளே விடச் சம்மதிக்கிற வாயில் நேர்தலும் ஒரு துறை. சங்கப்பாட்டுத் தலைவியும் பல இடங்களில் கடைசியில் இறங்கி வருகிறாள். விருந்தாளி வந்துவிட்டார் என்பதற்காக வருகிறாள், பிள்ளை முகத்தைப் பார்த்து வருகிறாள். ஆகவே என் நாயகி திறந்ததற்கு மரபில் இடம் இருக்கிறது என்று விளக்கியிருக்கலாம். இலக்கணப்படி குற்றமில்லாத பதில். பதினேழு வயசுப் பெண்ணிடம், அதுவும் அந்த வீட்டுப் பெண்ணிடம், ‘எல்லாத் தலைவியும் கடைசியில் திறந்துவிடுவாள் அம்மா’ என்று டீச்சர் வாயால் சொல்வது எனக்குக் கதைதானே என்பதைவிட மோசமாகப் படுகிறது. அதனால் அதைச் சொல்லாமல் போனதில் வருத்தமில்லை.

காதல் நாவல் எழுதுவதை நான் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை, இதை யாரிடமும் தாழ்த்திச் சொல்லவும் மாட்டேன். என் அக்கா பத்தாவதோடு நின்றவள். ஸ்கூலை விட்ட பிறகும் அவள் எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படிக்கக் காரணம், வீட்டுக்கு வந்த மாத நாவல்கள்தான். ராணி முத்து 1969இல் ஆரம்பித்தது. அதிலிருந்து எத்தனை வீடுகளில், அரிசி களைகிற நேரத்துக்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் நடுவில் பெண்கள் படித்த ஒரே புத்தகம் அந்த அளவில் இருந்தது. இப்போது அதே பெண்கள் போனில் பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார்கள். தன்னை ஒருத்தன் பிரியமாக நினைக்கிறான் என்கிற எண்ணத்தை ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உதவுவது சின்ன வேலை இல்லை. இதை முழு மனசோடுதான் எழுதுகிறேன்.

புனைபெயரைப் பற்றிக் கேட்பார்கள். விதிக்குப் பயந்து இல்லை. 1973ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் எப்போதாவது செய்கிற இலக்கியப் பணிக்கு இடம் உண்டு, அரசு வேலை அதனால் கெடக்கூடாது, அவ்வளவுதான். என் வேலை கெட்டதில்லை. நான் எழுதுவது விடியற்காலையில், இட்லி ஊற்றுவதற்கு முன்னால், இல்லாவிட்டால் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற பஸ்ஸில். நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்துவிட்டால் முன்னாலும் பின்னாலும் வண்டி நிற்கும், எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அது எழுத்துக்குக் கிடைத்த நேரம். போனிலேயே தட்டிக்கொண்டு போவேன். என் ரகசியம் தெரிந்த அந்த டீச்சர் சொல்வார், “தி. ஜானகிராமனே நம்ம பக்கம், மன்னார்குடிக்குக் கிட்ட தேவங்குடிதானே, பத்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துட்டுத்தானே ரேடியோவுக்குப் போனாரு, உங்களுக்கு என்ன?” ஆறுதலாக இருக்கும். அவர் தன் பெயரிலேயே எழுதினார் என்பதை நான் எடுத்துச் சொல்வதில்லை.

ஆனால் எழுதுவதால் பள்ளி வேலை கெடக்கூடாது என்று பார்க்கிற விதிக்கு, பள்ளி வேலையால் எழுத்து என்ன ஆகிறது என்பதில் அக்கறை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி அத்தியாயம் முதலில் அப்படி இல்லை. அவன் ஐப்பசி மழையில் வந்து நிற்பான், அவள் கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு பேசுவாள், நன்றாகவே பேசுவாள், எட்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவன் பதில் சொல்ல முடியாமல் நிற்பான். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள். மாத நாவலுக்குப் பக்கக் கணக்கு உண்டு, எனக்குப் பக்கம் கூடிவிட்டது. வேறு எங்காவது குறைத்திருக்கலாம், நாயகனின் ரைஸ் மில்லைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன், அதில் வெட்டினால் முன்னும் பின்னும் சரிசெய்ய வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டில் அடுக்கியிருந்தன, மார்க்கை ஏற்ற வேண்டும், மெல்லக் கற்கிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வேறு. ஜன்னல் பேச்சை எடுத்துவிட்டால் கதை அறுபடாமல் ஓடியது. எடுத்தேன், அனுப்பினேன்.

அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பிள்ளைகளின் பேப்பரை முதலில் திருத்த வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் இரண்டாவது கருத்து இல்லை, அவர்களுக்குத் தேதிக்கு மார்க் போனது. ஆனால் அந்தப் பேப்பர்களைத் திருத்துவதற்காக என் நாயகியின் வாயை மூடினேன், அவள் பேசாமல் திறந்த கதவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தவள் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சில நாள் இன்னொரு சந்தேகமும் வரும். நேரம் இருந்திருந்தால் நிஜமாகவே அந்தப் பேச்சை வைத்திருப்பேனா? அவன் மழையில் நிற்கும்போது அவள் நியாயம் பேசிக்கொண்டிருந்தால் வாசகிகளுக்குப் பிடிக்காது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். விடைத்தாள்கள் எனக்கு ஒரு காரணமாக அமைந்தனவோ என்னவோ.

மறுபதிப்புப் பேச்சு வந்தபோது பதிப்பாளரிடம் கேட்டேன், கடைசி அத்தியாயத்தில் கொஞ்சம் சேர்க்கலாமா என்று. “ஓடுற புத்தகம்மா, அதுக்காகத்தான் வாங்குறாங்க, எதுக்குக் கை வைக்கிறீங்க” என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதற்காக இல்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்து படுக்கிற ஒரு பெண் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். எட்டு மாதம் காணாமல் போனவன் வந்தான், அவளும் திறந்தாள், கேள்வி இல்லை, பதில் இல்லை. அந்த அம்மாவுக்கு அது தெரியாமல் பிடித்திருக்கும் என்று நினைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விகளை அவர் தன் வீட்டிலேயே கேட்டு அலுத்திருக்கலாம், ராத்திரி படிக்கிற கதையிலாவது அது வேண்டாம் என்று இருக்கலாம். ஆனால் அதே வீட்டில் அதே புத்தகத்தை மகளும் படித்தாள், அவளுக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. ஒரே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேர். யாருக்கு எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் யாரும் இல்லை.

அடுத்த நாவலில் நாயகியைப் பேசவிட்டேன். ஊரார் முன்னால், கூட்டுறவு வங்கி வாசலில் வைத்து அவனைக் கேட்கிறாள். முடிவில் சேர்ந்துதான் விடுகிறார்கள், அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை, சேர்த்துவைப்பதற்குத்தான் நான் எழுதுகிறேன். முந்தையதைப் போல அது ஓடவில்லை. இவ்வளவு வாக்குவாதம் வீட்டிலேயே இருக்கிறதே என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எனக்கு அந்த நாவல்தான் பிடித்திருக்கிறது. ஆனாலும் அதை எழுதும்போது கதையைக் கவனித்தேனா, விட்ட பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேனா என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி சொந்தப் பெயரிலேயே போட்டுவிடேன் என்று என் கணவர் சொல்கிறார், ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் கிடக்கிறது, எதற்கு இந்த மறைப்பு என்கிறார். வேண்டாம் என்றேன். என்னைத் தெரியாமல் இருந்தால்தான் இன்னொரு பிள்ளையும் புத்தகத்தோடு வந்து அப்படிக் கேட்கும் என்று காரணம் சொன்னேன். “அப்படிக் கேட்டா இந்த முறை என்ன பதில் சொல்லுவ?” என்றார். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.