ஐஸ்பெட்டியில் நாலு கட்டு கறிவேப்பிலை

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தால், காய்கறித் தட்டில் நாலு கட்டு கறிவேப்பிலை. ஒன்று கறுத்தே போய்விட்டது, இன்னொன்றில் கடைக்காரர் போட்ட ரப்பர் வளையம் அப்படியே இருக்கிறது. தேக்கா சந்தைக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் கறிவேப்பிலை இல்லை என்ற நினைப்பிலேயே வாங்கியிருக்கிறார். அண்ணன் வழக்கம்போல "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்றார். அல்ஸைமர் தொடக்கம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது, அண்ணன் மட்டும் இன்னும் அதே பாட்டு.

டாக்டர் அன்று அவசரத்தில் "மூளையில் ஒருவகைப் புரதக் குப்பை சேருது" என்று முடித்துவிட்டார். குப்பை என்றால் அள்ளிப் போட்டால் சரியாக வேண்டுமே? அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது, படிக்க ஆரம்பித்தேன்.

நரம்பணுவின் மேல்தோலில் ஒரு நீளமான புரதம் குத்தி நிற்கிறது. இரண்டு நொதிகள் அதை அடுத்தடுத்து வெட்ட, அமைலாய்ட் பீட்டா என்ற துண்டு விழுகிறது. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் தினமும் விழுவதுதான், வழக்கமாக அப்புறப்படுத்தப்பட்டுவிடும். 40 அமினோ அமிலம் உள்ள துண்டைவிட 42 உள்ளதற்குப் பிசுபிசுப்பு அதிகம், அது ஒன்றோடொன்று ஒட்டி அணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும். டாக்டர் சொன்ன குப்பை இது.

ஆனால் அணுவுக்கு உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறார், டாவ் என்ற புரதம். என் தாத்தா மலாயா ரயில்வேயில் கம்பிச்சடக்கு, அதாவது தண்டவாள வேலை பார்த்தவர், அதனால் எனக்கு டாவ் சட்டென்று பிடிபட்டது. நரம்பணுவின் நீண்ட கை நெடுக நுண்குழல்கள் தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன, அதன்மேல்தான் சரக்கு போகிறது. அந்தத் தண்டவாளம் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குக்கட்டைதான் டாவ். அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் பிடி விட்டுக் கழன்று, தனக்குள்ளேயே முறுக்கிச் சிக்காகிவிடும். வெளியே திட்டு, உள்ளே சிக்கு, இரண்டையும் அலோயிஸ் அல்ஸைமர் 1906லேயே ஒரு பெண்ணின் மூளையில் பார்த்துச் சொல்லிவிட்டார். வெளியே இருக்கும் அமைலாய்ட் உள்ளே இருக்கும் டாவை எப்படிக் கிளப்புகிறது என்பதில்தான் இத்தனை வருஷ இழுபறி.

பெரிய திட்டுகளைவிட, அமைலாய்டின் சின்னச் சின்னக் கூட்டணிகள்தான் மோசம் என்கிறார்கள். இரண்டு நரம்பணுக்கள் பேசிக்கொள்ளும் சந்திப்பில் போய் அவை ஒட்டிக்கொள்ள, அந்தச் சேதி ஃபின் மாதிரியான நொதிகள் வழியாக உள்ளே போய் டாவையும் கெடுக்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை, ஃபின்னை அந்தச் சந்திப்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே டாவ்தான். கூட்டுக்களவாணிகள்! 2007ல் வந்த ஓர் எலி ஆய்வைப் படித்து அசந்துபோனேன். அமைலாய்ட் நிறையச் சுரக்கும் எலிகளில் டாவைக் குறைத்திருக்கிறார்கள். அமைலாய்ட் துளியும் குறையவில்லை, ஆனாலும் எலிகளின் ஞாபகம் கெடவில்லை.

இதைப் படித்தபிறகுதான் லெக்கனிமாப் என்ற அல்ஸைமர் மருந்தின் கணக்கு எனக்குப் புரிந்தது. 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற மருந்து, அமைலாய்டை நன்றாகவே அள்ளுகிறது. 18 மாதச் சோதனையில் நோயின் சரிவு 27 சதவீதம் மெதுவானது. நின்றுவிடவில்லை, போனது திரும்பவும் இல்லை. சிலருக்கு மூளையில் வீக்கம், கசிவு வேறு, அல்ஸைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு அம்மா, அப்பா இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உள்ளே டாவ் சிக்கிக்கொண்டபிறகு வெளியே மட்டும் கூட்டினால் எப்படி?

டாவ் சிக்கு பொதுவாக ஹிப்போகேம்பஸை ஒட்டிய பகுதியில்தான் முதலில் பிடிக்கிறது. புது ஞாபகம் பதியும் இடம் அது. அதனால்தான் வியாழக்கிழமை வாங்கிய கறிவேப்பிலை அம்மாவுக்குத் தங்கவில்லை. ஆனால் 2011ல் மூடிய சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில், சின்ன வயதில் தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோனபோது தாத்தா எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார் என்று இன்றைக்கும் சொல்கிறார். அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த மாத டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

அந்த நாலு கட்டில் மூன்றை அலசிக் காயவைத்துப் பொடி செய்தேன். டப்பாவை மூடும்போது அம்மா எட்டிப் பார்த்து, "நல்ல வாசனையா இருக்கே, ஏது இவ்ளோ கறிவேப்பிலை?" என்றார்.